நாலு பேர் உட்கார ஒரு மேசை

ஜூன் 3, செவ்வாய்

இன்றும் இரவுச் சாப்பாடு நாலு திக்கில் நடந்தது. என் வீட்டுக்காரர் சோபாவில், தட்டு மடியில், கண் செய்தியில். மகள் கட்டிலில், கணக்குப் புத்தகத்தின் மேல் தட்டை வைத்து. மாடியிலிருந்து இறங்கி வந்த அக்கா ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் முக்காலி போட்டு ஒண்டிக்கொண்டாள். நான் அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றபடி. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் பொட்டலம் பிரித்த மாதிரி இருந்தது. வளர்ந்த பெண் இருக்கிற வீடு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சாப்பிட ஒரு மேசை கிடையாது.

சாயங்காலம் கீழ்வீட்டம்மா கூப்பிட்டு, புதிதாகச் செய்திருக்கும் சாப்பாட்டு இடத்தைக் காட்டினார். எங்கள் வீடு மாதிரியேதான். அதே அளவு, அதே ஹால், அதே சமையலறை. இரண்டுக்கும் நடுவில் இருந்த சுவரை எடுத்துவிட்டு அங்கே மேசை போட்டிருக்கிறார்கள். வீடே பெரிதாகிவிட்டது. வயிறு எரிந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஒரே ஒரு குறை. சுவர் இருந்த இடத்துக்கு மேலே, கூரையை ஒட்டி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடித்த மரப்பெட்டி ஒன்று, அதில் குட்டிக் குட்டி விளக்குகள். துணிக்கடை வாசல் தோற்றுப்போகும்! நல்ல இடத்தைக் கெடுத்து வைத்திருக்கிறார். பார்த்துவிட்டு ‘ரொம்ப அழகா இருக்குங்க’ என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

செய்தித்தாள்களை மேசை அளவுக்கு ஒட்டித் தரையில் விரித்தேன். நாற்காலிகளைச் சாக்குக்கட்டியால் வரைந்தேன். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தால், முதுகுக்குப் பின்னால் கையில் பாத்திரத்தோடு ஒரு ஆள் போக வேண்டும். இதுதான் கணக்கு. வட்ட மேசை போட்டுப் பார்த்தேன், நீள மேசை போட்டுப் பார்த்தேன், சுவரோடு ஒட்டிய பெஞ்சும் போட்டுப் பார்த்தேன். எப்படிப் போட்டாலும் அந்தச் சுவர் இடிக்கிறது. சுவர் போனால்தான் மேசை.

அக்கா இறங்கி வந்தாள். சாக்குக்கட்டி நாற்காலிக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, “என் சீட் இதுதான். யாருக்கும் தர மாட்டேன்” என்றாள். மகள் சிரித்தாள். அக்காவுக்கு என்னைவிட ஆறு வயது அதிகம், கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள், மருந்துக்கடையில் வேலை. எங்களுக்கு நேர் மேல்வீடு அவளுடையது. காற்று வருகிறது என்று ஹாலிலேயே, இதே சுவருக்கு நேர் மேலே இருக்கிற சுவரோரமாகக் கட்டில் போட்டுப் படுப்பாள்.

அவர் மட்டும் தொண்டையைக் கனைத்தார். “ஒரு இன்ஜினியரை ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே?”

“ஒரு சுவருக்கு இன்ஜினியரா? கீழ்வீட்ல இடிச்சு ஆறு மாசம் ஆச்சு. வீடு என்ன நடந்தா போயிடுச்சு?” என்றேன்.

அதோடு அவர் செய்தி பார்க்கப் போய்விட்டார். பேசமாட்டார்.

ஜூன் 14, சனி

சுவரை ஒட்டி நின்றதையெல்லாம் காலி செய்தாயிற்று. இரும்பு பீரோ, அதில் நிறைய பழைய துணி, மகளின் பழைய பாடப்புத்தக மூட்டைகள், தையல் மெஷின், இரண்டு டிரங்குப் பெட்டி. எல்லாம் எங்கே போவது? மாடிக்குத்தான். அக்காவிடம் கேட்கக்கூட இல்லை. ஆட்கள் பீரோவைத் தூக்கிக்கொண்டு படியேறின பிறகுதான் போன் செய்தேன்.

“வை. இடம் இருக்கு” என்றாள். பீரோ அவள் கட்டிலுக்குப் பக்கத்தில், சுவரோரமாக. மற்றதெல்லாம் உள்ளறையில். உள்ளறையில் இப்போது கால் வைக்க இடமில்லை. “இனி உங்க வீட்டுப் பொருளுக்குக் காவலாளி நான்” என்று கிண்டல் செய்தாள். அவளை மாதிரி ஒரு அக்கா யாருக்குக் கிடைப்பாள்.

ஜூன் 21, சனி

சுவர் போயிற்று.

கொத்தனார் முதலில் கீழிருந்து கூரைவரை வரிசையாகக் கழிகளை நிறுத்தி முட்டுக் கொடுத்தார். பிறகு சம்மட்டி. ஒரே புழுதி. செங்கல் விழ விழ எனக்குக் கொண்டாட்டம். கீழ்வீட்டு இடத்தைப் படம் எடுத்து வைத்திருந்தேன், அதைக் காட்டினேன்.

“இதே மாதிரி பண்ணணுமா?”

“அதே மாதிரி. ஆனா மேல இருக்கிற அந்த மரப்பெட்டி வேண்டாம்.”

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். “இல்லம்மா, இது எதுக்கு...” என்று ஆரம்பித்தார்.

“அழகுக்கு. எனக்கு அந்த அழகு வேண்டாம். கூரை சுத்தமா, வெள்ளையா, ஒரு கோடுகூட இல்லாம இருக்கணும். நான் சொல்றதைச் செய்ங்க” என்றேன். தலையாட்டிக்கொண்டே போனை என் கையில் கொடுத்தார்.

ஜூன் 22, ஞாயிறு

பல்லிடுக்கில்கூடப் புழுதி.

ஜூன் 27, வெள்ளி

நாளை மேசை வருகிறது, முட்டுக் கழிகள் இன்னும் நடு ஹாலில் நிற்கின்றன. கொத்தனாரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். “இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்மா” என்றார். மேசையைக் கழிகளுக்கு நடுவிலா நுழைப்பது? எடுக்க வைத்தேன். கடைசிக் கழியைத் தட்டி எடுத்தபோது எங்கோ ‘டக்’ என்று ஒரு சத்தம், பென்சில் முனை ஒடிகிற மாதிரி. கொத்தனார் அண்ணாந்து பார்த்தார். நானும் பார்த்தேன். கூரை வெள்ளையாக, சுத்தமாக இருந்தது.

ஜூன் 29, ஞாயிறு

இன்று நான் சந்தோஷமாக இருக்கிறேன். எழுதி வைக்கத்தான் வேண்டும்.

நீள மேசை, வெளிர் மரம், முனைகளை உருட்டச் சொல்லியிருந்தேன். நாலு நாற்காலி. மேசைக்கு நேர் மேலே தொங்கும் ஒற்றை விளக்கு. எழுந்தால் தலையில் இடிக்காத, உட்கார்ந்தால் கண்ணில் குத்தாத உயரம். சுவர் இருந்த இடத்தின் ஓரத்தில் தட்டு, கிண்ணமெல்லாம் வைக்க ஒரு அலமாரி, தரையிலிருந்து கூரைவரை, கண்ணாடிக் கதவோடு. மேலே ஒரு விரல்கூட நுழையக்கூடாது, தூசி அடையும் என்று தச்சரிடம் கறாராகச் சொல்லியிருந்தேன். அப்படியே செய்து தந்துவிட்டார்.

மதியம் நாலு பேரும் உட்கார்ந்தோம். முதல் முறையாக! மகள் பள்ளிக்கூடக் கதை சொன்னாள். அவர்கூட ஒரு நகைச்சுவை சொன்னார், அது எதிலும் சேர்த்தியில்லை, ஆனாலும் சிரித்தோம். அக்கா மேசையைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஜூலை 8, செவ்வாய்

அக்கா சாப்பிட வந்தபோது மெல்லச் சொன்னாள்: “என் சமையலறைக் கதவு மூட மாட்டேங்குதுடி. அடியில தரையைப் பிடிக்குது.”

நாள் முழுக்க நான் செய்கிற வேலையே இதுதான். வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார் பிரிவு. ஆடுகிறது என்பார்கள், சத்தம் போடுகிறது என்பார்கள். பத்தில் எட்டு ஒன்றுமே இருக்காது. எந்தப் புகார் உண்மை, எது மனப்பிராந்தி என்று குரலை வைத்தே சொல்லிவிடுவேன்.

“மழைக்கு மரம் ஊதும். வருஷா வருஷம் ஊதலயா? இந்த வருஷம்தான் கண்ணு தெரிஞ்சுதா உனக்கு? நான் டேபிள் போட்டது பொறுக்கலையாக்கும்” என்றேன். விளையாட்டாகத்தான். அவள் சிரித்தாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

ஜூலை 15, செவ்வாய்

அலமாரிக் கதவு இறுகிக்கொண்டது. ஒரு கிண்ணம் எடுக்க இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருக்கிறது. தச்சர் வந்து மேல் விளிம்பை இழைத்துக் கொடுத்தார். ‘அளவெடுத்தப்ப சரியாத்தான் இருந்துச்சு’ என்று தனக்குத்தானே முனகினார். நல்ல வேலைக்காரன் முனகமாட்டான்.

ஜூலை 19, சனி

மறுபடி இறுகிவிட்டது.

ஜூலை 24, வியாழன்

இழைத்தார். இறுகியது. மறுபடி இழைத்தார். மரம் ஈரம் என்கிறேன், காய்ந்த மரம்தான் என்று சத்தியம் செய்கிறார்.

கூரையில், சுவர் இருந்த கோட்டிலேயே, முடி மாதிரி ஒரு விரிசல். பெயிண்டரை வரச்சொல்லிப் பட்டி பார்த்து வெள்ளை அடித்தாயிற்று. புதுப் பூச்சு காயும்போது கீறல் விடுவது சகஜம்தான். பெயிண்டரும் அதைத்தான் சொன்னார், நான் கேட்ட பிறகு.

இன்னொன்று. அவர் இரண்டு நாளாகத் தட்டை எடுத்துக்கொண்டு சோபாவுக்குப் போய்விடுகிறார். முதுகு வலியாம், அந்த நாற்காலி சேரவில்லையாம். மகளுக்கு விளக்கு வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதாம், கட்டிலுக்குப் போய்விட்டாள். அக்காவுக்குக் கடையில் வேலை அதிகமாம், வருவதே இல்லை. நாலு பேருக்கான மேசையில் நான் மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டேன். இதற்கா இத்தனை பாடு? பழகின புத்தி மாறாது இவர்களுக்கு.

ஜூலை 30, புதன்

வழியில் அக்காவைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கருப்பு. சரியாகத் தூங்குகிறாயா என்றேன். “ம், நல்லாத் தூங்குறேன்” என்றாள். கைப்பையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள், யாரோ பிடுங்க வருகிற மாதிரி.

ஆகஸ்ட் 2, சனி

இன்னும் ஆத்திரம் தீரவில்லை. எழுதினால்தான் அடங்கும்.

காலையில் அலமாரியின் கண்ணாடி தானாக உடைந்தது. யாரும் தொடவில்லை, பக்கத்தில்கூட ஆள் இல்லை. ‘டப்’பென்று ஒரு சத்தம், மேலிருந்து கீழ்வரை கோணலாக ஒரு கீறல். நான் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது. கையில் அளவு நாடாவோடு ஒரு ஆள். இன்ஜினியராம். என் வீட்டுக்காரர் வரச் சொன்னாராம்! எனக்குத் தெரியாமல்!

வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டேன். அப்புறம் இவரைப் பிடித்துக்கொண்டேன். என்ன நினைச்சிட்டிருக்கீங்க? நான் பண்ணினா அது தப்பாத்தான் இருக்கும்னு முடிவு பண்ணியாச்சா? பதினெட்டு வருஷமா இந்த வீட்ல ஒரு ஆணி அடிச்சிருக்கீங்களா நீங்க? ஆள் வச்சு என்னைச் சோதனை போடுறீங்களா?

“நான் சொல்றதைக் கொஞ்சம் கேளேன்... உங்க அக்கா...” என்றார்.

“அவளும் கூட்டா? வரட்டும், அவளை நேர்லயே கேக்கறேன்!”

“வேண்டாம், அவங்களை ஒண்ணும் கேக்காத” என்று கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்டார்! கட்டின பெண்டாட்டியை! மகள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். என்னவோ நான்தான் இந்த வீட்டில் பேய் மாதிரி.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கூரையில் வெள்ளைப் பூச்சுக்கு அடியிலிருந்து அதே கோடு. கொஞ்சம் தடிமனாக.

எனக்குப் பயமா? இல்லை. எதற்குப் பயம்?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

அலமாரியை மொத்தமாகக் கழற்றி எடுத்து, உயரம் குறைத்து மாட்டுவது என்று முடிவு. தச்சர் பதினோரு மணிக்கு வந்தார். தட்டு, கிண்ணமெல்லாம் எடுத்து மேசையில் அடுக்கினேன். அவர் ஏணியில் ஏறி மேல்பக்கத் திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்தார். இரண்டைக் கழற்றி என் உள்ளங்கையில் போட்டார். அந்த நேரத்தில்தான் கீழ்வீட்டம்மா வந்தார், நம்ம டைனிங் டேபிளை இன்னும் பார்க்கவே இல்லையே என்று. மேசையைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், நல்லா இருக்கு நல்லா இருக்கு என்றார். அப்புறம் அண்ணாந்து பார்த்தார்.

“பீம் எங்க?”

“எந்த பீம்?”

“எங்க வீட்ல லைட் எல்லாம் போட்டிருக்கோமே, அது.”

“அந்த மரப்பெட்டியா? அது எனக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன். நம்ம சீலிங்குக்கு எடுப்பா இருக்காது.”

அவர் முகம் மாறியது. “அது மரம் இல்லீங்க. வெளியிலதான் மரம். உள்ள முழுக்க இரும்பு. சுவரை எடுத்தா அதுதானே மேல்வீட்டைத் தாங்கணும்?”

ஏணியில் நின்ற தச்சர் அசையவில்லை. என் கையிலிருந்த திருகாணிகளை அவரே குனிந்து எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றாக, சத்தம் வராமல், இருந்த இடத்திலேயே திருகினார். வியர்வை அவர் மூக்கு நுனியில் நின்றது. சோபாவிலிருந்து எழுந்த என் வீட்டுக்காரர் மகளின் கையைப் பிடித்துப் படிக்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். எப்போது எழ வேண்டும் என்று காத்திருந்தவர் மாதிரி.

அக்கா! ஞாயிற்றுக்கிழமை. வீட்டில்தான் இருப்பாள். போன் அடித்தேன், எடுக்கவில்லை. மாடிக்கு ஓடினேன். கதவைத் தள்ளினால் பாதிதான் திறக்கிறது, அடியில் ஏதோ தடுக்கிறது. பாய். வாசல் கதவை ஒட்டி ஒரு பாய், தலையணை. அதில் அக்கா. காலில் செருப்பு. செருப்போடு படுத்திருந்தாள். தலைமாட்டில் கைப்பை.

உள்ளே எட்டிப் பார்த்தேன். கட்டில் காலியாக இருந்தது. என் பீரோ முன்னால் சாய்ந்து நின்றது, அதன் கதவு தானாகத் திறந்து தொங்கியது. சுவருக்கு அடியில் ஓடுகள் உடைந்து கிளம்பியிருந்தன. சுவரில் மேலிருந்து கீழ்வரை விரிசல். அந்த வழியாக அவள் சமையலறை வெளிச்சம் தெரிந்தது.

“எத்தனை நாளா?”

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். “நீ டேபிள் போட்டு ஒரு வாரத்துலயே.”

“ஏன்க்கா சொல்லல? ஏன் சொல்லல என்கிட்ட?”

“சொன்னேனே. கதவு மூடலன்னு சொன்னேன்.” செருப்பைக் கழற்றப் போய், மறுபடி மாட்டிக்கொண்டாள். “அப்புறம் உன் வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். அவர், நான் பதமாப் பேசிக்கறேன், நீங்க நேர்ல சொன்னா அவ தாம்தூம்னு குதிப்பான்னாரு. பாப்பாவை அந்தப் பக்கம் உட்கார விடாதீங்கன்னு சொல்லி வச்சேன். நீ எவ்ளோ ஆசையாப் பண்ணின. எப்படிச் சொல்றதுன்னு தெரியலடி.”

அவள் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு இறங்கினேன். தெருவில் நிற்கும்போதுதான் என் காலில் செருப்பு இல்லை என்று தெரிந்தது.

ஆகஸ்ட் 11, திங்கள்

வாசலில் நான் திருப்பி அனுப்பிய அதே இன்ஜினியர்தான் வந்தார். அலமாரியைத் தொட்டுப் பார்த்தார். “உங்க மேல்வீட்டை இத்தனை நாளா இந்த ப்ளைவுட்தான் தாங்கிட்டு இருந்திருக்கு. நேத்து இதை எடுத்திருந்தா...” என்று சொல்லி, மகள் நிற்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். இரும்பு முட்டுகள் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மேல்வீடு, எங்கள் வீடு, கீழ்வீடு, மூன்றையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். கீழ்வீட்டம்மா என்னைத் திட்டவில்லை. யாருமே திட்டவில்லை. திட்டினால் தேவலை.

இடிந்து விழும் தரைக்குக்கூட அக்கா அவ்வளவு பயப்படவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு படுத்தாவது சமாளித்திருக்கிறாள். என் வாய்க்குத்தான் சமாளிக்க வழி தெரியவில்லை. இதை எழுதுகிறபோது வெட்கமாக இருக்கிறது. அவரும் மகளும்கூடத் தட்டைத் தூக்கிக்கொண்டு நகர்ந்து போனார்களே தவிர, எழுந்திரு, அங்கே உட்காராதே என்று என்னிடம் சொல்ல முடியவில்லை. அப்படி என்ன செய்துவிட்டேன் இவர்களை?

ஆகஸ்ட் 20, புதன்

அக்கா, கடையில் கூட வேலை பார்க்கிற பெண்ணோடு தங்கப் போய்விட்டாள். நாங்கள் ஒற்றை அறையில். இனி குரலை உயர்த்துவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். அவரிடமும் மகளிடமும் அக்காவிடமும் தனித்தனியாகச் சொன்னேன். எதுவாக இருந்தாலும் என்கிட்ட சொல்லுங்க, நான் கேட்டுக்கறேன் என்றேன். மூன்று பேரும் சரி என்றார்கள். உடனே சரி என்றார்கள்.

செப்டம்பர் 13, சனி

இரும்பு பீம் ஏற்றியாயிற்று. மேல்வீட்டுச் சுவரையும் பிரித்துக் கட்டினார்கள். இனி பயமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார் இன்ஜினியர். அடுத்த வாரம் வீட்டுக்குத் திரும்பலாம். அக்கா திரும்பவில்லை. அந்த இடம் கடைக்குப் பக்கமாம்.

அக்டோபர் 5, ஞாயிறு

அக்காவைச் சாப்பிடக் கூப்பிட்டேன், வந்தாள். மதியம் நாலு பேரும் மேசையில் உட்கார்ந்தோம். எல்லாருக்கும் நானே பரிமாறிவிட்டுக் கடைசியில் எனக்குப் போட்டுக்கொண்டு ஒரு வாய் வைத்தேன். பருப்பில் உப்பு கரித்தது. பேச்சுச் சுவாரசியத்தில் இரண்டு தடவை போட்டிருக்கிறேன். வாயில் வைக்க முடியவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். அவர் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மகளும் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், நடுநடுவே தண்ணீர் குடித்தாள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சரி, கேட்டால் சொல்வார்கள் என்று நினைத்தேன். குரலை முடிந்தவரை மென்மையாக்கிக்கொண்டு, “பருப்பு எப்படிக்கா இருக்கு?” என்றேன்.

அக்கா என் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

“நல்லா இருக்கு. இன்னும் கொஞ்சம் ஊத்து” என்றாள்.